உங்க பாஸுக்கு யார் பாஸ்?

சிங்கப்பூர்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தண்ணி துப்புற சிங்கம், மூணு கட்டடத்து மேல கப்பலை ஏத்தி வெச்ச மாதிரி நிக்கிற ஓட்டல், சித்தப்பா லீவுக்கு வரும்போது கொண்டு வர்ற கோடாலித் தைலம்... எல்லாம் சரிதான். ஆனா, வேலைக்குப் போறவங்களோட சிங்கப்பூர் இதுல எதுலயும் தொடங்குறதில்லை. அது தொடங்குற இடம், பெண்டிமியர் ரோடு, 1500-ம் எண் கட்டடம். மனிதவள அமைச்சின் சேவை மையம். (ஆமாம், ‘அமைச்சகம்’ இல்லை, ‘அமைச்சு’தான். அங்கே தமிழும் ஆட்சிமொழி. அவங்க தமிழுக்கு அவங்களே ராஜா!)

கைரேகையும் போட்டோவும் பதிய வேண்டியவங்க இங்கேதான் வரணும். அப்புறம் கொஞ்ச நாள்ல ஒரு கார்டு வரும். ஏ.டி.எம். கார்டு சைஸ்தான். அதுல இருக்கிற க்யூ.ஆர். கோடை போன்ல ஸ்கேன் பண்ணினா, உங்க பாஸ் உயிரோட இருக்கா, செத்துப்போச்சான்னு யாரும் தெரிஞ்சுக்கலாம். அந்த ஒரு கார்டுதான் நீங்க அந்த ஊர்ல யாருன்னு முடிவு பண்ணுது. சும்மா ஒரு வார்த்தைக்குச் சொல்லலை, நிஜமாவே அப்படித்தான்.

இங்கிருந்து சிராங்கூன் ரோட்டைப் பிடிச்சு தேக்கா வரைக்கும் நடந்தே போயிடலாம். கொஞ்சம் வேர்க்கும், பரவாயில்லை. பேசிக்கிட்டே போவோம், வாங்க.

முதல்ல ஒரு அடிப்படைச் சங்கதி. அமெரிக்க விசான்னா அண்ணா மேம்பாலம் பக்கத்துல தூதரக வாசல்ல நீங்க வரிசையில நிக்கணும், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் கேக்குற கேள்விக்கு நீங்க பதில் சொல்லணும். சிங்கப்பூர் வேலை பாஸ் அப்படிக் கிடையாது. அதுக்கு நீங்களா விண்ணப்பிக்கவே முடியாது! உங்களை வேலைக்கு எடுக்கிற கம்பெனி, இல்லைன்னா அந்தக் கம்பெனி அமர்த்தின ஏஜென்சி, ஆன்லைன்ல விண்ணப்பிக்கும். ஓகே ஆனா கம்பெனி கைக்கு ஒரு லெட்டர் வரும். அதுக்குப் பேரு ‘இன் பிரின்சிபிள் அப்ரூவல்’. நம்ம ஆளுங்க வாயில சுருக்கமா ‘ஐ.பி.ஏ.’ அந்த லெட்டரைக் காட்டித்தான் நீங்க உள்ளே நுழையணும். வேலை முடிஞ்சா கம்பெனியே பாஸை ரத்து பண்ணும். பாஸ் ரத்தானா, கொஞ்ச நாள் அவகாசத்துல பெட்டியைக் கட்டணும். வேற கம்பெனிக்கு மாறணும்னா அந்தக் கம்பெனி புதுசா விண்ணப்பிக்கணும். ஆக, உங்க பாஸுக்கு உங்க பாஸ்தான் பாஸ்! (பெரிய சம்பளக்காரங்களுக்குன்னு கம்பெனியோட ஒட்டாத தனிப் பாஸ் உண்டு. அது இப்போதைக்கு நமக்கு வேண்டாம்.)

இந்த ஒரு விஷயம் புரிஞ்சா, ‘உனக்கு நான் விசா எடுத்துத் தர்றேன்’னு தெருமுனையில சொல்றவரோட வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே புரியும். அவர் எடுத்துத் தர முடியாது. எடுக்கிறது கம்பெனி. அது எந்தக் கம்பெனின்னு அவர் சொல்லலைன்னா, அங்கே ஒண்ணுமே இல்லைன்னு வெச்சுக்கலாம்.

இதோ, ஃபேரர் பார்க் பக்கம் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோவில் வந்தாச்சு. தைப்பூசக் காவடிகள் கிளம்புற இடம். பெருமாள் கோவில்ல இருந்து முருகனுக்குக் காவடி கிளம்புது, பாருங்க! கோபுரத்தைக் கும்பிட்டுட்டு ஓரமா நில்லுங்க. பாஸ் எத்தனை வகைன்னு சொல்லிடறேன்.

மேலே இருக்கிறது எம்ப்ளாய்மென்ட் பாஸ். பேச்சுவழக்குல ‘ஈ பாஸ்’. 2025 ஜனவரியிலிருந்து இதுக்குக் குறைஞ்சபட்சம் மாசச் சம்பளம் 5,600 டாலர் இருக்கணும். வயசு கூடக்கூட இந்தத் தொகையும் கூடும். சம்பளம் மட்டும் போதாது. ‘காம்பஸ்’னு ஒரு மார்க் ஷீட் இருக்கு. உங்க சம்பளம், படிப்பு, கம்பெனியில ஏற்கெனவே எந்தெந்த நாட்டுக்காரங்க எத்தனை பேர், உள்ளூர்க்காரங்க எத்தனை பேர்னு எல்லாத்துக்கும் பாயின்ட். பாஸ் மார்க் 40. நீங்க நூத்துக்கு நூறு வாங்கினவரா இருந்தாலும், கம்பெனி மார்க் குறைஞ்சா உங்களுக்கும் குறையும். அரியர் வெச்சது அவங்க, ஃபெயில் ஆகிறது நீங்க!

நடுவுல எஸ் பாஸ். 2025 செப்டம்பர் 1-ம் தேதியிலிருந்து குறைஞ்சபட்சம் 3,300 டாலர். இதுக்கு ‘கோட்டா’ உண்டு. கட்டுமானம், உற்பத்தி மாதிரியான துறைகள்ல ஒரு கம்பெனியோட மொத்த ஆட்கள்ல 15 சதவீதம், சேவைத் துறையில 10 சதவீதம். அதுக்கு மேல ஒரு ஆள்கூட எடுக்க முடியாது. அதனால, ‘எத்தனை பேர் வந்தாலும் எஸ் பாஸ் ரெடி’ன்னு யாராவது சொன்னா, அவரை டீ குடிக்கச் சொல்லிட்டு நீங்க கிளம்பிடுங்க.

கீழே வொர்க் பெர்மிட். இதுக்குப் பொதுவா குறைஞ்சபட்சச் சம்பளம்னு ஒண்ணு கிடையாது. மறுபடியும் படிங்க... கிடையாது! கட்டுமானத்துக்குன்னா ஊர்லயே ‘ஸ்கில் டெஸ்ட்’ பாஸ் பண்ணணும். டைல்ஸ், பிளம்பிங், கம்பி கட்டுறதுன்னு ஒரு தொழில்ல. ‘டெஸ்ட் அடிச்சாச்சா?’ன்னு டெல்டா பக்கத்து டீக்கடைகள்ல பேசிக்கிறாங்களே, அது இதுதான். டிப்ளமோ, பி.இ. முடிச்சவங்களும் இந்த டெஸ்ட்டை அடிச்சுட்டு வொர்க் பெர்மிட்ல வர்றாங்க. தொழிலைக் குறைவா சொல்லலை. ‘எஸ் பாஸ்’னு நம்பிப் பணம் கட்டிட்டு வொர்க் பெர்மிட்ல போய் இறங்குறதுதான் வயிறு எரியிற விஷயம்.

இன்னொண்ணு. வொர்க் பெர்மிட்ல இந்தியர்களை எல்லா வேலைக்கும் எடுத்துட முடியாது. கட்டுமானம், கப்பல் பட்டறைக்கு எடுக்கலாம். சேவைத் துறையிலயும் உற்பத்தியிலயும் ஒரு லிஸ்ட் இருக்கு, அதுல இருக்கிற வேலைக்கு மட்டும்தான். இந்திய உணவகச் சமையல்காரர் வேலையே 2023 செப்டம்பர்லதான் திறந்துவிட்டாங்க. சூப்பர் மார்க்கெட்ல பில் போடுற வேலை, ஏ.சி. ரூம், வொர்க் பெர்மிட்னு விளம்பரம் பார்த்தா, அந்த லிஸ்ட்டை அமைச்சோட இணையதளத்துல ஒருதடவை பார்த்துடுங்க.

நடப்போம். இடதுபக்கம் முஸ்தபா. உள்ளே போனா ரெண்டு மணி நேரம் காலி, வேண்டாம். நேரா வாங்க. ஞாயித்துக்கிழமை சாயந்தரம்னா, இந்த ரோட்டுல நடக்கிறதே தேர்த் திருவிழால நடக்கிற மாதிரி. துவாஸ், கிராஞ்சின்னு தீவோட ஓரங்கள்ல இருக்கிற விடுதிகள்ல இருந்து வாரத்துக்கு ஒருநாள் இங்கே வர்றாங்க. பணம் அனுப்புறாங்க, சிம்கார்டுக்குக் காசு போடுறாங்க, முடி வெட்டிக்கிறாங்க, புல்தரையில உட்கார்ந்து ஊர்க்காரங்களைப் பார்க்கிறாங்க. புதுசா ஒரு பையனைப் பார்த்தா வர்ற கேள்வி வரிசை ஒரே மாதிரிதான் இருக்கும். எந்த ஊர் தம்பி? என்ன பாஸ்? எவ்வளவு கட்டி வந்தே?

அந்த மூணாவது கேள்விலதான் எல்லாம் இருக்கு.

கணக்குப் போடுங்க. ஒரு வொர்க் பெர்மிட்டுக்கு அரசாங்கம் வாங்குற விண்ணப்பக் கட்டணம் 35 டாலர். கார்டு கொடுக்கிறதுக்கு இன்னொரு 35. மொத்தம் 70 டாலர், நம்ம பணத்துல சுமார் ஐயாயிரம் ரூபாய். எஸ் பாஸுக்கு 105-ம் 100-ம். ஈ பாஸுக்கு 105-ம் 225-ம். இதைக் கட்ட வேண்டியதும் நீங்க இல்லை, கம்பெனி! அப்போ, வீட்டுப் பத்திரத்தை அடகு வெச்சு லட்சக்கணக்குல கட்டுறாங்களே, அது எங்கே போகுது? ஊர் ஏஜென்ட், அவருக்கு மேல ஒருத்தர், அங்கே ஒருத்தர், சில சமயம் கம்பெனிக்குள்ளேயே ஒருத்தர்னு படிப்படியா போகுது. விசாவுக்குன்னு நினைச்சுக் கொடுக்கிற பணத்துல விசாவுக்குப் போறது ஐயாயிரம்கூட இல்லை.

சட்டம் என்ன சொல்லுது? சிங்கப்பூர் ஏஜென்சி உங்ககிட்ட வாங்கக்கூடியது வருஷத்துக்கு ஒரு மாசச் சம்பளம், அதிகபட்சம் ரெண்டு மாசச் சம்பளம். நம்ம ஊர்ல மத்திய அரசுகிட்ட பதிவு பண்ணின ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அதாவது 35,400. அதுக்கு ரசீது கொடுக்கணும். பதிவு பண்ணினவரா இல்லையான்னு ‘இ-மைக்ரேட்’ இணையதளத்துல பேரைப் போட்டுப் பார்த்துடலாம். தமிழக அரசுக்கே 1978-லிருந்து ‘அயல்நாட்டு மனிதவள நிறுவனம்’னு ஒண்ணு இருக்கு, சென்னையில. எத்தனை பேர் அங்கே ஒரு எட்டு போய்க் கேட்டுப் பார்த்திருப்போம்?

வேலை கொடுக்கிறதுக்காக முதலாளியே உங்ககிட்ட பணம் வாங்கினா அது சிங்கப்பூர்ல குற்றம். 30,000 டாலர் வரைக்கும் அபராதம், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். இருந்தாலும் நடக்குது. எப்படித் தெரியுமா? எஸ் பாஸுக்கு 3,300 டாலர் சம்பளம்னு அரசாங்கத்துக்கிட்ட காட்டுவாங்க. பேங்க்ல அது அப்படியே விழும். மாசக் கடைசியில அதுல ஒரு பங்கைக் கையில திருப்பிக் கொடுக்கணும். கேட்டா, ‘லெவிக்கு’ன்னு பதில் வரும்.

லெவின்னா வெளிநாட்டு ஆளை வெச்சுக்கிறதுக்காகக் கம்பெனி அரசாங்கத்துக்கு மாசாமாசம் கட்டுற தீர்வை. எஸ் பாஸுக்கு 650 டாலர். கட்டுமான வொர்க் பெர்மிட்டுக்கு, கூடுதல் தேர்ச்சி உள்ளவர்னா 500, அடிப்படைத் தேர்ச்சின்னா 900. அதை உங்க சம்பளத்துல பிடிக்கக் கூடாது, சட்டப்படி அது கம்பெனி செலவு. இதுல உங்களுக்கு ஒரு லாபமும் ஒளிஞ்சிருக்கு. நீங்க ஒரு கோர்ஸ் முடிச்சு, கூடுதல் தேர்ச்சிப் பட்டியலுக்குப் போனா கம்பெனிக்கு மாசம் 400 டாலர் மிச்சம். சம்பளம் கூட்டிக் கேக்கும்போது இந்த 400-ஐ ஞாபகம் வெச்சுக்குங்க. பேரம் பேச நம்ம ஆளுங்களுக்குச் சொல்லியா தரணும்!

சரி, வீரமாகாளியம்மன் கோவிலைத் தாண்டினா வர்ற சின்னச் சந்து, கஃப் ரோடு. டூரிஸ்ட் மேப்புல இதுக்கு ஒரு நட்சத்திரமும் இருக்காது. ஆனா இந்தத் தெருவோட பேர்ல ஒரு சாப்பாட்டுத் திட்டம் இருக்கு. ‘டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுன்ட் டூ’ங்கிற தொண்டு அமைப்பு 2008-ல ஆரம்பிச்சது. யாருக்கு இந்த இலவசச் சாப்பாடு? வேலையில அடிபட்டவங்க, சம்பளம் வராம புகார் கொடுத்தவங்க. அவங்க பாஸைக் கம்பெனி ரத்து பண்ணியிருக்கும். கேஸ் முடியிறவரைக்கும் தங்க அரசாங்கம் ‘ஸ்பெஷல் பாஸ்’னு ஒண்ணு கொடுக்கும். பேர்லதான் ஸ்பெஷல். அதை வெச்சுக்கிட்டுப் பொதுவா வேலை செய்ய முடியாது. வேலை செய்ய வந்த ஊர்ல, வேலை செய்யாம, கேஸ் எப்போ முடியும்னு காத்திருக்கணும். ஊர்ல வட்டி மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும்.

அதனாலதான் நிறையப் பேர் புகாரே கொடுக்கிறதில்லை. முதலாளியைப் பகைச்சா பாஸ் போகும், பாஸ் போனா கடன் அடையாது. கடன் எவ்வளவு பெருசோ, வாய் அவ்வளவு சின்னது.

புகார் கொடுக்க வழியே இல்லைன்னு நினைச்சுடாதீங்க. 2017-லிருந்து சம்பளத் தகராறுக்குன்னு தனித் தீர்ப்பாயம் இருக்கு. முதல்ல சமரசப் பேச்சு, ஒத்துவரலைன்னா தீர்ப்பாயம். 20,000 டாலர் வரைக்கும் கேக்கலாம். ஆனா கெடு உண்டு. வேலையில இருக்கும்போதே கேட்டா கடைசி ஒரு வருஷத்துப் பாக்கிக்குக் கேக்கலாம், வேலையை விட்டுட்டா ஆறு மாசத்துக்குள்ள போயாகணும். ஊருக்கு வந்து, பொங்கல் முடிஞ்சு, யோசிச்சுப் பார்த்துக் கேக்கலாம்னு இருந்தா கதவு சாத்தியிருக்கும்.

இன்னும் நாலு எட்டு வெச்சா தேக்கா. கொஞ்சம் தள்ளி ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷயர் ரோடும் சேர்ற முனை. 2013 டிசம்பர் 8, ஞாயித்துக்கிழமை ராத்திரி, இங்கேதான் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருத்தர் பஸ்ல அடிபட்டு இறந்தார். அதுக்குப் பிறகு கலவரம். போலீஸ் வண்டிகள், ஆம்புலன்ஸ் எரிஞ்சது. அதுல 25 பேர் மேல வழக்கு போட்டாங்க. ஆனா 50-க்கும் மேற்பட்டவங்களைக் கோர்ட்டுக்கே கொண்டு போகாம ஊருக்குத் திருப்பி அனுப்பினாங்க. யார் பக்கம் நியாயம்னு நான் இங்கே தீர்ப்பு சொல்லப் போறதில்லை. கவனிக்க வேண்டியது ஒண்ணு. தற்காலிக வேலை பாஸ்ங்கிறது உரிமை இல்லை, அனுமதி. கொடுத்தவங்க எப்போ வேணும்னாலும் எடுத்துக்கலாம். 2020 ஏப்ரல்ல கொரோனா விடுதிகளுக்குள்ள பரவினப்போ, விடுதிக் கதவுகள் மாசக்கணக்கா மூடியே இருந்துச்சு. நகரம் திறந்த பிறகும் விடுதிக்காரங்களுக்குக் கட்டுப்பாடு தொடர்ந்தது. அதே ஊர், அதே வெயில். கார்டு மட்டும் வேற.

கார்டு எவ்வளவு தூரம் உள்ளே வரும்னு இன்னும் ரெண்டு சொல்றேன். மனைவி, குழந்தையைக் கூட்டிட்டுப் போகணும்னா, ஈ பாஸோ எஸ் பாஸோ, சம்பளம் மாசம் 6,000 டாலராவது இருக்கணும். 3,300 டாலர் எஸ் பாஸ்காரர் வீடியோ கால்லதான் குழந்தைக்கு நிலா காட்டணும். வொர்க் பெர்மிட்னா சம்பளம் எவ்வளவா இருந்தாலும் குடும்பத்துக்கு இடமில்லை. அங்கேயே ஒரு சிங்கப்பூர்ப் பொண்ணை லவ் பண்ணிட்டீங்களா? வாழ்த்துகள்! வொர்க் பெர்மிட்காரர் சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ கல்யாணம் பண்ணணும்னா மனிதவள அமைச்சோட அனுமதி வேணும். மாமனார் சம்மதம் எல்லாம் அதுக்கப்புறம்.

இவ்வளவு சொல்றதால ‘போகாதீங்க’ன்னு அர்த்தம் இல்லை. கூரை வீட்டை மாடி வீடாக்கினவங்க, தங்கச்சியை நர்ஸிங் படிக்க வெச்சவங்கன்னு நம்ம டெல்டா மாவட்டங்கள்ல தெருவுக்குத் தெரு இருக்காங்க. அவங்களும் இந்த ரோட்டுல நடந்தவங்கதான். 2025 ஜூலையிலிருந்து வொர்க் பெர்மிட்ல இத்தனை வருஷம்தான் வேலை பார்க்கலாம்ங்கிற உச்சவரம்பையும் எடுத்துட்டாங்க, 63 வயசு வரைக்கும் இருக்கலாம். ‘தற்காலிகம்’ங்கிற வார்த்தை ஒருத்தரோட முழு வேலைக்காலத்துக்கும் நீளும்!

போறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். ஐ.பி.ஏ. லெட்டர் வந்த பிறகு, அதை நீங்களே படிச்ச பிறகு, பணத்தைப் பத்திப் பேசுங்க. அதுல என்ன பாஸ்னு இருக்கும். எந்தக் கம்பெனின்னு இருக்கும். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவுன்னு தனித்தனியா இருக்கும். ஏஜென்ட் வாயில சொன்ன தொகையும் இதுல இருக்கிறதும் ஒண்ணான்னு பாருங்க. அவர் சொன்னது ஓவர்டைமையும் சேர்த்தா இருக்கும். அமைச்சோட இணையதளத்துல பாஸ்போர்ட் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டு, அந்த விண்ணப்பம் நிஜமாவே இருக்கான்னு பாருங்க. இன்டர்நெட் சென்டர் அண்ணனை நம்ப வேண்டாம், நீங்களே டைப் பண்ணுங்க. ‘டூரிஸ்ட் விசால வந்துடு, அங்கே மாத்திக்கலாம்’னு சொன்னா பையைத் திருப்பி அலமாரியிலயே வெச்சுடுங்க. அந்த விசால ஒருநாள் வேலை செஞ்சாலும் குற்றவாளி நீங்கதான். டிகிரி சர்ட்டிஃபிகேட்டை ‘கொஞ்சம் மாத்தி’க் கொடுக்கிறதும் அப்படித்தான், பிடிபட்டா ஜெயில்ல முடியலாம்.

வொர்க் பெர்மிட் ஐ.பி.ஏ.யைத் தொழிலாளிக்குப் புரியிற மொழியில, அவர் ஊரை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே அனுப்பி வைக்கணும்ங்கிறது கம்பெனியோட கடமை. நமக்குத் தமிழ்லயே வரும். கேட்டு வாங்குங்க. ‘ஏர்போர்ட்ல தர்றேன்’னு சொன்னா ஏர்போர்ட்டுக்குப் போகாதீங்க. கையில வந்ததும் ரெண்டு ஜெராக்ஸ் எடுங்க. ஒண்ணு உங்க பைக்கு. இன்னொண்ணை அம்மாகிட்ட கொடுத்து, சம்பளம் எவ்வளவுன்னு போட்டிருக்கிற இடத்தை அவங்களையே வாசிக்கச் சொல்லுங்க.